இருளில் எழும் ஒளி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஓவியம் என்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியதெல்லாம் நாட்காட்டிப் படமே. அதனால்தான் நம் நூலகத்தில் ஒரு கலைப் புத்தகத்தைப் புரட்டியபோது, மரமோ மனிதனோ இல்லாத ஒரு படத்தின் முன் திகைத்துப்போனேன். கருநீல இருள், நடுவே பீறிடும் வெளிச்சம், குறுக்கே சில தூரிகைக் கோடுகள். "இதில் என்ன இருக்கிறது?" என்றான் நண்பன். எனக்கும் தெரியவில்லை, ஆனால் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

வரைந்தவர் சூ டே-சுன். 1920இல் சீனாவில் பிறந்து, ஹாங்சௌ கலைக் கல்லூரியில் பயின்றவர். ஜாவோ வூ-கீ என்ற மற்றோர் ஓவியரும் அங்கே படித்தவரே. ஜாவோ 1948இலும் சூ 1955இலும் பாரிஸ் சென்று, அங்கிருந்தே அரூப எண்ணெய் ஓவியங்களால் புகழ் பெற்றனர்.

சீனத்தில் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே தூரிகை, ஒரே மை. 'புல் எழுத்து' எனப்படும் விரைவெழுத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்தோடும். படிக்கத் தெரியாதவரும் எழுதியவரின் கை எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது என்று கண்டுகொள்ளலாம். தாள் மையை உடனே உறிஞ்சிவிடுவதால் திருத்தவே முடியாது. ரெக்கார்டு நோட்டில் நான் செய்யும் அழிரப்பர் வேலையெல்லாம் அங்கே செல்லாது!

அந்த மை ஓவியத்தில் ஒளி என்பது மை படாத வெறுந்தாள்தான். மூடுபனியும் நீரும் வானமும் தீட்டாமல் விட்ட இடங்களே. எண்ணெய் ஓவியத்திலோ பெரும்பாலும் துணி முழுவதையும் வண்ணம் மூடிவிடுகிறது. அப்படியானால் ஒளி எங்கிருந்து வரும்?

சூவுக்கு ஒரு விடை ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது. ரெம்பிராண்ட் மறைந்து முந்நூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1969இல் அங்கு நடந்த கண்காட்சியை அவர் பார்த்தார். இருளுக்குள்ளிருந்தே ஒளியை எழுப்பியவர் ரெம்பிராண்ட். அதன்பின் சூவின் படங்களில் ஓரங்கள் இருண்டன; உள்ளே வெளிச்சம் கனன்றது.

இதில் நம் இயற்பியலும் உண்டு. வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிய படலமாகப் பூசினால், ஒளி அதனூடே சென்று, அடியிலுள்ள வெண்பூச்சில் பட்டு, நிறமேறித் திரும்புகிறது. கெட்டியாக அப்பினால் மேற்பரப்போடு திரும்பிவிடும். முன்னதில் வெளிச்சம் உள்ளிருந்து வருவதுபோல் தோன்றுவது இதனால்தான். சூவின் வண்ணமும் மைபோலவே நீர்த்து ஓடுவது. அதன்மேல் எழுத்துக்காரரின் வேகத்தோடு தூரிகை பாய்கிறது.

மேனாட்டு ஓவியத்தின் மீது சீன எழுத்தை ஒட்டவைத்ததே இது என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டை நீக்கினால் அந்த ஒளி வெறும் புகையாகிவிடும்.

சூ 1997இல் பிரான்சின் நுண்கலை அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சீன வம்சாவளியினரில் அவரே முதல்வர். ஜாவோ 2013இலும் சூ 2014இலும் மறைந்தனர்.

1980களில் சூ வரைந்த பனிப்பொழிவுப் படங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. மை ஓவியத்தில் வெண்மை என்பது கை தொடாத இடம். இங்கோ இருண்ட வண்ணத்தின் மேல் வெண்புள்ளிகளாகத் தூவப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நண்பனிடம் காட்டினேன். இம்முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.