அலையும் இளமையும்

இளமை ஆர்வத்தின் பருவம். அவ்வார்வத்தைத் தடுப்பதினும் நெறிப்படுத்துவதே மூத்தோர் கடனாகும். இதற்கு நம் கடற்கரையிலேயே சான்றுண்டு.

செங்கற்பட்டு மாணவர் பலர் விடுமுறை நாள்களில் பேருந்தேறி மாமல்லபுரம் செல்வர், சிற்பங்களைக் காண்பர், பின்னர் நீந்த அறியாமலே கடலில் இறங்குவர். இவ்வாறு இக்கரையில் நாம் இழந்த இளம் உயிர்கள் பல.

இதே கரையில், தமீம் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவால் பெயர்பெற்ற கோவளத்தில், மீனவ இளைஞர் பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வருகின்றனர். இதனை அலைச்சறுக்கு என்பர். மீனவரான மூர்த்தி மேகவன் 2012ஆம் ஆண்டில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி கண்டார். புகையும் மதுவும் கூடா என்பது அங்குள்ள நெறி. வீண் பொழுதுபோக்கெனத் தோன்றும் இவ்விளையாட்டில், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது.

இதற்கு அடிப்படை கடலறிவே. ஆழங்குறைந்த இடத்தில் அலையின் அடிப்பகுதி வேகம் குறைகிறது; மேற்பகுதி முந்திச்சென்று உடைகிறது. கரையில் குவிந்த நீர் ஒடுங்கிய வழியே கடல்நோக்கித் திரும்புகிறது. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் அவ்விடமே ஆளை இழுப்பது. அதிற் சிக்கியோர் எதிர்த்து நீந்தாது, கரைக்கு இணையாக நீந்தி விலகுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஆர்வம் கொள்ளுங்கள், அறிந்தார் துணையின்றி அலையில் இறங்காதீர்கள். பெற்றோரும் 'போகாதே' என்பதோடு நில்லாது, பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பித்தல் நலமென நாம் கருதுகிறோம்.