அலை நிற்கும் நிலை

சென்ற மாதம் ஒரு மாலை, இயற்பியல் பயிலும் நண்பரொருவர் கம்பியில்லாப் பேச்சுக் கருவிகள் இரண்டை விளையாட்டுத் திடலுக்குக் கொணர்ந்தார். இருவரும் கருவியை நிமிர்த்திப் பிடித்தபோது அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் தம் கருவியைக் கிடையாகச் சாய்த்ததும் குரல் தேய்ந்தது. தமிழ் பயிலும் நமக்கு இது புதிராயிற்று.

கயிற்றை மேலுங் கீழும் அசைத்தால் ஒருவகை அலையும், பக்கவாட்டில் அசைத்தால் வேறொருவகை அலையும் ஓடக் காண்கிறோம். மின்காந்த அலையும் அத்தகையதே. அதன் மின்புலம் ஆடுந் திசைபற்றி நிலைகுத்து, கிடை என வகுப்பர், இப்பண்பே தளவிளைவு. நிமிர்ந்த ஏரியல் நிலைகுத்தலையையே விடுக்கும், அதனையே ஏற்கும். ஏற்கும் ஏரியல் 45 பாகை சாயின் பாதி வலிமை கிட்டும். முற்றுங் குறுக்காயின் நூற்றிலொரு பங்கு கிட்டுவதும் அரிது.

மத்திய அலை வானொலிக்கு நிமிர்ந்த கோபுரமே ஏற்றது. தரையை ஒட்டிச் செல்லுங் கிடையலையை நிலம் விரைவில் விழுங்கிவிடும். முன்னாளில் மாடிகள்தோறும் நின்ற தொலைக்காட்சி ஏரியல்களின் கோல்கள் கிடையாயிருந்தமையோ, நிலையத்து அலை கிடையாய் வந்தமையாலாம்.

வழியிலேயே தளந் திரும்பிவிடின் என் செய்வது? கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் முறுக்கிய சணலினூடே மின்னலையைச் செலுத்தி, அதன் தளஞ் சுழல்வதை 1898-இல் வெளியிட்டார். முறுக்கிய சணலைக்கொண்டு இவ்வளவு கண்டது நமக்குப் பெருவியப்பே. வானிலுள்ள அயனி மண்டலமும், வேறொரு காரணத்தால், பூமியின் காந்தத்தோடு கூடி அலையின் தளத்தைத் திருப்புகின்றது. செயற்கைக்கோளிலிருந்து வரும் நேர்த்தள அலைக்கு இது இடர்.

ஆகவே எழுந்தது வட்டத் தளவிளைவு. இதில் மின்புலம் திருகாணிபோற் சுழன்றே முன்னேறும். வலஞ்சுழி, இடஞ்சுழி என இஃது இருவகைத்து. சங்கிற்கு நாம் வழங்கும் வலம்புரி, இடம்புரி என்னும் பெயர்களும் இவற்றிற்கு நன்கு பொருந்தும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் வலஞ்சுழி அலையையே விடுக்கின்றன. கட்டிடத்தில் மோதித் திரும்பும் அலை பெரும்பாலும் இடஞ்சுழியாய் மாறிவிடுமாதலால், வலஞ்சுழி ஏரியல் அதனைப் பெரிதும் விலக்கும்.

நேர்த்தள ஏரியல் வட்ட அலையிற் பாதியையே பெறும். இதனை நண்பர் வீண்செலவென்றார். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நடுக்கடலில் அலைக்கழியும் படகில் மீனவர் தம் கைக்கருவியை எவ்வாறு சாய்த்துப் பிடிப்பினும், கோளை நோக்கியிருக்கும்வரை, அந்தப் பாதி குறைவதில்லை.