பென்டிரைவ் சொன்ன கணக்கை நம்பிய விண்டோஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 2025 மார்ச் 11 அன்று அடைக்கப்பட்ட ஓர் ஓட்டையைப் பார்த்தால் காரணம் புரியும்.

பெயர் சிவிஇ-2025-24985. இருக்குமிடம் விண்டோஸின் ஃபேட் கோப்புமுறை டிரைவர். திருத்தம் வருவதற்கு முன்பே இதை யாரோ பயன்படுத்திவிட்டார்கள். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் தந்த தரம் 'முக்கியமானது'. 'மிகக் கடுமையானது' அல்ல. அந்த ஓட்டை பற்றிய அறிவிப்பின் தலைப்பில் 'தொலைவிலிருந்து' என்று இருக்கும். அது தாக்குபவர் இருக்கும் இடத்தைத்தான் குறிக்கிறதாம், தாக்குதல் நடப்பது உங்கள் கணினியிலேயே என்று அந்நிறுவனமே விளக்கம் சொல்கிறது. அதாவது திருடன் வெளியூர், கதவைத் திறந்துவிடுவது வீட்டுக்காரர்.

எப்படி? எந்த ஃபேட் டிஸ்க்கும் தன் அளவுகளைத் தன் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும். டிரைவர் அதைப் படித்து, பெருக்கிக் கூட்டி, அதற்கேற்ப நினைவகத்தில் இடம் கேட்கும். கணக்கு 32 பிட்டில் நடந்தால் உச்சம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். (ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் ஏறாததும் இதே எல்லையால்தான்.) விடை இந்த உச்சத்தைத் தாண்டும்படி டிஸ்க்கில் பொய் அளவுகளை எழுதிவைத்தால், கேட்கப்படும் இடம் துக்கடாவாகிவிடும். எழுதப்படுவதோ பழைய பெரிய அளவில். மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும், அதுவும் இயக்கமுறையின் கருவறைக்குள்.

அந்நியன் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்த விவரத்தைச் சரிபார்க்காமல் ஏற்றது டிரைவர். என்னை உறுத்துவது அதுதான். டிஸ்க்கும் கையில் வரவேண்டியதில்லை. விஎச்டி என்ற மெய்நிகர் டிஸ்க் கோப்பு மின்னஞ்சலிலேயே வரும். அதைத் திறந்தால் விண்டோஸ் ஒரு புது டிரைவாகக் காட்டும்.

அதே நாளில் விண்டோஸின் இன்னொரு கோப்புமுறையான என்டிஎஃப்எஸ்-இன் டிரைவரிலும் இத்தகைய ஓட்டை அடைக்கப்பட்டது. இவற்றைச் சரிசெய்ய அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2025 ஏப்ரல் 1 வரைதான் கெடு இருந்தது.

லினக்ஸ் தப்பித்ததா? இல்லை. 2021-இல் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதில் கண்டுபிடித்த 'செகோயா' ஓட்டையும் எண்ணின் அளவைத் தவறாகக் கையாண்டதால் வந்ததே.

மார்ச் திருத்தம் போட்டாயிற்றே? இந்த ஓட்டை அடைபட்டது. அடுத்ததற்கு உத்தரவாதமில்லை.

விண்டோஸ் 10-ஐ மாற்ற அவகாசம் உண்டா? வீட்டுக் கணினியை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்தால் 2026 அக்டோபர் 13 வரை.

ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவ் கொடுக்கலாமா? கொடுக்கலாம். கவலை கடைக்காரருக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும், நாள் முழுக்க ஊரார் டிஸ்க்கைப் படிப்பது அவர் கணினி.