கியூ சாக்

கியூ சாக் என்பது பூல், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் முதலிய மேசைக்கோற் பந்தாட்டங்களில் ஆட்டக்கோலின் (கியூ) நுனித்தோலின் மீது பூசப்படும் உலர்ந்த உராய்வுப் பொருள் ஆகும். இது பொதுவாக ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பக்க அளவு கொண்ட சிறு கனசதுரக் கட்டியாக விற்கப்படுகிறது. கட்டியின் ஒரு பக்கம் திறந்திருக்கும். ஏனைய பக்கங்களில் தாள் ஒட்டப்பட்டிருக்கும். கோலின் நுனி வெள்ளைப் பந்தைத் தாக்கும் கணத்தில் வழுக்கிச் செல்லாமல் பற்றிக்கொள்ள இது உதவுகிறது.

கேரம் ஆட்டத்தில் பலகையின் மீது தூவப்படும் மாவு உராய்வைக் குறைத்து, காய்கள் எளிதாக நகரச் செய்கிறது. கியூ சாக் இதற்கு நேர் எதிரான பணியைச் செய்கிறது. அது உராய்வைக் கூட்டுகிறது. ஆனால் நுனித்தோலில் இருக்கும்போது நன்மை செய்யும் இதே பொருள், பந்தின் மீதோ மேசைத் துணியின் மீதோ ஒட்டிக்கொண்டால் ஆட்டத்தைக் கெடுக்கிறது. எனவே ஒரு சாக் நுனியை எவ்வளவு நன்றாகப் பற்றச் செய்கிறது என்பதைப் போலவே, மேசையில் எவ்வளவு துகளை விட்டுச் செல்கிறது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்கும்போது முதன்மையாகக் கருதப்பட வேண்டியதாகும்.

பெயரும் சேர்மானமும்

சாக் என்னும் ஆங்கிலச் சொல் சுண்ணக்கட்டியைக் குறிக்கும். இயற்கையான சுண்ணக்கட்டி கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இன்றைய கியூ சாக்கின் முதன்மைப் பொருள் சுண்ணம் அன்று. நுண்ணிய சிலிக்காத் துகள்களும், குருந்தம் போன்ற கடினமான கனிமத் துகள்களும், அவற்றை ஒன்றாகப் பிணைக்கும் பசைப் பொருளும், நிறமியும் சேர்த்து அழுத்தி இது தயாரிக்கப்படுகிறது. பழைய பெயர் மட்டுமே நிலைத்துவிட்டது.

குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு ஆகும். மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 9. வைரத்தின் மதிப்பு 10. இக்கனிமத்தின் ஆங்கிலப் பெயரான கொரண்டம் என்பது குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது எனச் சொற்பிறப்பியல் அகராதிகள் குறிப்பிடுகின்றன.

வரலாறு

தொடக்க காலத்தில் ஆட்டக்கோலின் நுனி வெறும் மரமாகவே இருந்தது. அதனைக் கொண்டு பந்தின் நடுப்பகுதியை விட்டு விலகி அடிப்பது கடினம். பிரெஞ்சுக் காலாட்படை அதிகாரியான பிரான்சுவா மிங்கோ, 1807 ஆம் ஆண்டளவில் பாரிசில் அரசியல் கைதியாக இருந்தபோது கோலின் நுனியில் தோலைப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார் எனக் கூறப்படுகிறது. தோல் நுனி பந்தைச் சற்றே பற்றியதால், பந்துக்கு வேண்டியவாறு சுழற்சி கொடுக்க முடிந்தது.

இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த ஜாக் கார் என்னும் ஆட்டக்காரர் 1820களில் நுனியில் சுண்ணப்பொடி பூசிப் பக்கச் சுழற்சி அடிகளை ஆடிக் காட்டினார். சாதாரணச் சுண்ணப்பொடியையே சிறு பெட்டிகளில் அடைத்து, பந்தைச் சுழலச் செய்யும் பொடி என்று அவர் விற்றதாகவும் சொல்லப்படுகிறது. பக்கச் சுழற்சியை அமெரிக்க ஆட்டக்காரர்கள் இன்றும் இங்கிலீஷ் என்றே அழைக்கின்றனர். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வழியாக அது அங்கு அறிமுகமானதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

சுண்ணம் மென்மையானது, அடியின் அழுத்தத்தில் எளிதில் நசுங்கி உதிர்ந்துவிடும். இக்குறையை நீக்கியவர்கள் அமெரிக்கப் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரான வில்லியம் ஸ்பிங்க்ஸும் சிகாகோவைச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் ஆவர். பிரான்சிலிருந்து கிடைத்த ஒரு கட்டி மற்றவற்றைவிட நன்றாகப் பற்றுவதை ஸ்பிங்க்ஸ் கவனித்தார். அதை ஆராய்ந்த ஹாஸ்கின்ஸ், அது சுண்ணம் அன்று, எரிமலையிலிருந்து வந்த பொருள் எனக் கண்டறிந்தார். பின்னர் இருவரும் பல கலவைகளைச் சோதித்து, சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட கட்டியை உருவாக்கி 1897 இல் காப்புரிமை பெற்றனர். இன்று விற்கப்படும் சாக்குகள் பெரும்பாலும் இக்கருத்தின் வழிவந்தவையே.

செயற்படும் விதம்

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், அதாவது ஆரம் ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டர். கோல் பந்தின் நடுவில் தாக்கினால் விசை பந்தின் மையத்தை நோக்கிச் செல்லும், வழுக்குவதற்கு இடமில்லை. நடுவிலிருந்து விலகித் தாக்கும்போது, கோலின் திசைக்கும் அவ்விடத்தில் பந்தின் பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் இடையே ஒரு கோணம் உண்டாகிறது. விலகல் கூடக்கூட இக்கோணமும் கூடும். கோணத்தின் தாஞ்சன் மதிப்பு உராய்வுக் குணகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை நுனி பந்தைப் பற்றும். அதனை மிஞ்சினால் நுனி வழுக்கி, பந்து எதிர்பாராத திசையில் செல்லும். இத்தகைய தவறான அடி மிஸ்கியூ எனப்படும். இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன.

நன்கு சாக் பூசிய தோலுக்கும் பந்துக்கும் இடையேயான உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.6 எனக் கொள்ளலாம். இதற்குரிய கோணம் சுமார் 31 பாகை. அதாவது நடுவிலிருந்து ஏறத்தாழ 14.7 மில்லிமீட்டர், அல்லது ஆரத்தில் பாதியளவு விலகி அடிக்க முடியும். உராய்வுக் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் இவ்வெல்லை ஏறத்தாழ 8.2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். முன்சுழற்சி, பின்சுழற்சி, பக்கச் சுழற்சி ஆகிய அனைத்தும் இவ்விலகலையே சார்ந்திருப்பதால், சாக் இல்லாத கோலால் வலுவான சுழற்சி கொடுப்பது இயலாததாகிறது.

இக்கணக்கை மறுபுறமாகவும் பார்க்கலாம். ஒரு புதிய சாக் உராய்வுக் குணகத்தை 0.6 இலிருந்து 0.7 ஆக உயர்த்துகிறது என்று வைத்துக்கொண்டாலும், எல்லை 14.7 மில்லிமீட்டரிலிருந்து 16.4 மில்லிமீட்டராகவே கூடும். இவ்வேறுபாடு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பழகும் நிலையில் உள்ள ஆட்டக்காரரின் கோல் நுனி, குறித்த இடத்திலிருந்து இதைவிடக் கூடுதலாகவே விலகக்கூடும். எனவே கூடுதல் பற்றைவிட, ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவு பற்று கிடைப்பதே பயன் தருவதாகும்.

தேர்ந்தெடுத்தல்

சீரான பூச்சு: நல்ல சாக் நுனித்தோல் முழுவதும் மெல்லியதாகவும் சமமாகவும் படிய வேண்டும். கட்டியில் மணல்போன்ற சொரசொரப்பான பகுதிகளோ, மெழுகுபோல் வழுவழுப்பான பகுதிகளோ இருந்தால் பூச்சு சீராக அமையாது. அமெரிக்காவில் தயாரிக்கப்படும் மாஸ்டர், டிரையாங்கிள் ஆகிய விலை குறைந்த சாக்குகள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. ஜப்பானின் கமுய், பின்லாந்தின் தாவோம், இத்தாலியின் புளூ டைமண்ட் போன்றவை இவற்றைவிடப் பல மடங்கு விலை கூடியவை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்தவரும் பூல் ஆட்டத்தின் இயற்பியல் குறித்து எழுதியவருமான டேவிட் அல்சியாட்டோர் பல சாக்குகளை ஒப்பிட்டுச் சோதித்தார். முறையாகப் பூசினால், அவை தரும் உச்சச் சுழற்சியில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவரது முடிவாகும்.

எச்சம்: அடிக்கும்போது உதிரும் துகள் பந்தில் புள்ளியாக ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைப் பந்து இலக்குப் பந்தைத் தொடும் இடத்தில் இப்புள்ளி அமைந்துவிட்டால், இரு பந்துகளுக்கும் இடையேயான உராய்வு திடீரெனக் கூடி, இலக்குப் பந்து திசை மாறும். ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் இதனைக் கிக் என்பர். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள குழிக்குச் செல்லும் பந்து 2 பாகை விலகினால், அது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் தள்ளிச் செல்லும். போட்டி மேசையின் மூலைக் குழியின் வாய் ஏறத்தாழ 115 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதில் பந்தின் விட்டம் போக, இருபுறமும் 29 மில்லிமீட்டரே எஞ்சும். எனவே சரியாகக் குறிபார்த்த அடியும் ஒரு துகளால் தவறிப் போகலாம். விலை கூடிய சாக்குகளில் சில குறைந்த எச்சத்தையே தம் சிறப்பாகக் கொண்டுள்ளன. தாவோம் சாக்கைத் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர் பலர் ஏற்றதற்கும் இதுவே காரணம்.

நிறம்: சாக்கின் நிறம் மேசைத் துணியின் நிறத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். பச்சைத் துணியின் மீது சிவப்புச் சாக்கின் கறை எளிதில் தெரியும்; அதைப் போக்குவதும் கடினம். உலகப் பூல் விதிகளின்படி ஓர் ஆட்டக்காரர் தம் சொந்தச் சாக்கைக் கொண்டுவரலாம். ஆனால் அதன் நிறம் துணிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பொது ஆட்டக்கூடங்களில் ஆடுபவர்கள் முதலில் அங்குள்ள துணியின் நிறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நுனித்தோலின் நிலை: சாக் தோலில் நிற்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் சாக்கில் இருப்பதில்லை. பல நாள் ஆடிய தோல் இறுகிப் பளபளப்பாகி, துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இந்நிலையில் தோலின் பரப்பை உரசியால் இலேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். நுனி தட்டையாக இருந்தால் நாணயத்தின் விளிம்பு போன்ற வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றைச் செய்யாமல் விலை கூடிய சாக்கை வாங்குவதால் பயனில்லை. முதல் அடிக்கென்று செய்யப்படும் கோல்கள் சிலவற்றில் தோலுக்குப் பதிலாகப் பீனாலிக் பிசின் நுனி பொருத்தப்படுகிறது. இதில் எந்தச் சாக்கும் தோலில் நிற்பதைப் போல் நிற்பதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

இரு சாக்குகளை எளிய முறையில் ஒப்பிடலாம். வெள்ளைப் பந்தைத் துடைத்து வைத்து, நடுவிலிருந்து சிறிது சிறிதாக விலகி அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பந்தில் பதிந்த சாக்குப் புள்ளி, நுனி தொட்ட இடத்தைக் காட்டும். வழுக்காமல் எவ்வளவு தொலைவு விலக முடிகிறது, ஒரு முறை பூசியபின் எத்தனை அடிகள் வரை அது தாங்குகிறது, பந்திலும் துணியிலும் எவ்வளவு துகள் படிகிறது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளலாம். ஒப்பீட்டில் ஒரே கோலையும் ஒரே நுனித்தோலையும் பயன்படுத்துவதும், சாக்கை மாற்றும்போது தோலை நன்கு துடைப்பதும் இன்றியமையாதவை.

பூசும் முறை

கோலின் நுனியைக் கட்டியின் குழிக்குள் வைத்துத் திருகுவது பரவலாகக் காணப்படும் பழக்கம் ஆகும். இதனால் கட்டியில் ஆழமான பள்ளம் விழுகிறது. தோலின் ஓரங்களில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் சாக் படிகிறது. கட்டியின் விளிம்பால் தூரிகை தீட்டுவதுபோல் இலேசாக வருடி, கோலைச் சற்றே திருப்பிக்கொண்டு தோல் முழுவதையும் மூடுவதே சரியான முறை. பூசியபின் ஒருமுறை நுனியைப் பார்த்து, வெற்றிடம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை ஒவ்வோர் அடிக்கும் முன் செய்வது நல்ல பழக்கம். தடித்த பூச்சு பற்றைக் கூட்டுவதில்லை. உதிரும் துகளையே கூட்டுகிறது.

சாக்கை மேசைக்கு நேர் மேலே பிடித்துப் பூசுவதும், துகளைத் துணியின் மீது ஊதுவதும் தவிர்க்கப்பட வேண்டும். கட்டியை மேசையின் விளிம்பில் வைக்கும்போது திறந்த பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் விளிம்பில் படியும் தூள் ஆட்டக்காரரின் கையிலும் உடையிலும் ஒட்டி, அங்கிருந்து துணிக்கும் பந்துக்கும் செல்லும்.

கைத்தூளுடன் உள்ள வேறுபாடு

ஆட்டக்கூடங்களில் கூம்பு வடிவில் வைக்கப்பட்டிருக்கும் வெள்ளைக் கட்டி கைக்கு உரியது. கோல் விரல்களுக்கிடையே எளிதாக நகர்வதற்காக அது பயன்படுகிறது. அதனை நுனித்தோலில் பூசினால் பற்று குறைந்து மிஸ்கியூ நேரும்.

உடல்நலம்

நிறமிகளின் காரணமாகச் சில சாக்குகளில் ஈயம் கலந்திருந்ததாக, பீடியாட்ரிக்ஸ் என்னும் குழந்தை மருத்துவ இதழில் 1996 இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. எனவே தயாரிப்பாளர் பெயர் இல்லாத, நிறம் எளிதில் கையில் ஒட்டும் சாக்குகளைத் தவிர்ப்பதும், பழைய கட்டிகளைச் சிறுவர் கைக்கு எட்டாமல் வைப்பதும், உண்பதற்கு முன் கைகழுவுவதும் நல்லது. நுண்ணிய சிலிக்காத் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதால், மேசையைத் துப்புரவு செய்யும்போது துகளைக் காற்றில் எழுப்பாமல் உறிஞ்சு கருவியால் அகற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது.