வாசலில் ஒரு பழைய ரோஜா



கேமரன் மலைக்குச் சென்று திரும்புகிறவர்களில் பலர் கையில் ஒரு ரோஜாச் செடியோடுதான் வீட்டுக்கு வருவார்கள். முதல் மாதம் அது ஆசையாகப் பூக்கும். இரண்டாம் மாதம் இலைகளில் கரும்புள்ளி விழும். மூன்றாம் மாதம் குச்சி மட்டும் நிற்கும். "எனக்குக் கைராசி இல்லை" என்று வீட்டுப் பெண்கள் சலித்துக்கொள்வார்கள்.

ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு காட்சியும் நினைவிருக்கும். லயத்துக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, ஒரு ரோஜாச் செடி நிற்கும். கவனிப்பார் யாருமில்லை. ஆயினும் தைப்பூசத்துக்கும் பூக்கும், தீபாவளிக்கும் பூக்கும். "யார் வைத்தது?" என்று கேட்டால், "பாட்டி வைத்தது" என்பார்கள். என்ன பெயர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஒன்று வாடுகிறது, ஒன்று வாழ்கிறது. காரணம் கைராசி அல்ல. செடியின் இனமும் அதை வைத்த இடமுமே காரணம். இவ்விரண்டையும் பற்றி இன்று பார்ப்போம்.

முதலில் இனம். 1867-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜா வெளிவந்தது. நீண்ட காம்பும் கூர்மையான மொட்டும் கொண்ட இக்காலத்துக் கடை ரோஜாக்களுக்கு அதுவே தொடக்கம் என்று கொள்கிறார்கள். அதற்கு முன்பே வழக்கில் இருந்த ரோஜா வகைகளைப் 'பழைய தோட்ட ரோஜாக்கள்' என்று அழைக்கிறார்கள்.

அவை எல்லாமே நமக்கு ஏற்றவை அல்ல. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பல, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பவை. குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் நன்றாகப் பூக்கும். நம் ஊரில் குளிர்காலம் ஏது? நமக்கு உறவானவை சீன ரோஜாவும், அதன் வழிவந்த தேயிலை ரோஜா, பூர்போன் ரோஜா போன்றவையும்தான். இவை வெப்பத்தைத் தாங்கும். தளிர் விடும்போதெல்லாம் மொட்டும் விடும்.

பூர்போன் ரோஜாவின் கதை நமக்குச் சற்று நெருக்கமானது. இந்துமாக்கடலில் ரெயூனியன் என்றொரு தீவு உண்டு. பிற்காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்களும் சென்று குடியேறிய தீவு அது. அதன் பழைய பெயர் பூர்போன். அங்கே நிலங்களுக்கு வேலியாக ரோஜாச் செடிகளை நட்டிருந்தார்கள். அந்த வேலியில் சீன ரோஜாவும் வாசனை மிக்க டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து ஒரு புதுச் செடி பிறந்தது. 1819-ஆம் ஆண்டளவில் அதன் விதைகள் பாரிஸ் நகரை எட்டின. தமிழ்நாட்டில் மாலை தொடுக்க வளர்க்கும் எட்வர்ட் ரோஜாவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அரண்மனையில் அல்ல, வேலியோரத்தில் பிறந்த ரோஜா இது. அதனால்தான் எளிய வாசலிலும் வாழ்கிறது.

அடுத்தது, இடம். பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அதிலும் காலை வெயில் மிக முக்கியம். கரும்புள்ளி நோய் என்பது ஒரு பூஞ்சணம். இலை சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அது உள்ளே நுழைய முடியும். நம் நாட்டில் பெரும்பாலும் மாலையில் மழை பெய்கிறது. இரவெல்லாம் இலை நனைந்தே இருக்கிறது. காலை வெயிலும் காற்றும் உடனே பட்டால் இலை காயும். படாவிட்டால் நோய் குடியேறும். ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கம் இடமிருந்தால் அதையே ரோஜாவுக்குக் கொடுங்கள்.

சுவரோடு ஒட்டி நடாதீர்கள். மூன்றடி தள்ளி நடுங்கள். கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வாழை, ரம்புத்தான் போன்ற மரங்களுக்கு அருகிலும் வேண்டாம். உரத்தை அவற்றின் வேர்களே உண்டுவிடும். செடிக்குச் செடி நான்கடி இடைவெளி இருக்கட்டும். பிள்ளைகள் ஓடும் நடைபாதையிலிருந்தும் துணி காயும் கொடியிலிருந்தும் சற்றுத் தள்ளி வையுங்கள். முள் யாரையும் பார்த்துக் குத்துவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. புல்லுக்கு மருந்தடிக்கும் பகுதியின் ஓரத்தில் ரோஜாவை நடவேண்டாம். காற்றில் பறந்து வரும் களைக்கொல்லித் துளி பட்டாலே தளிர் சுருங்கி உருமாறிவிடும். களைக்கொல்லி அடித்த பம்பைக் கழுவிவிட்டோமே என்று ரோஜாவுக்குப் பயன்படுத்துவதும் ஆபத்து. அதற்கென்று வேறொரு பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் வேர் அழுகும். எனவே தரையை ஓர் அடி உயர்த்தி மேடை கட்டுங்கள். ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள குழி எடுத்து, மூன்று பங்கில் ஒரு பங்கு மக்கிய மாட்டுச் சாணத்தைக் கலந்து மூடுங்கள். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் மக்கியதே நல்லது. செடியின் அடியில் காய்ந்த புல்லையோ, கிடைத்தால் செம்பனையின் வெற்றுக் குலையையோ மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியிருக்கட்டும்.

தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை, செடிக்கு ஒரு வாளி போதும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் ஊற்றலாம். இலை நனையாமல் இருந்தால் சரி. புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள்.

கவாத்து விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். கடை ரோஜாவை வெட்டுவதுபோல் பழைய ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டக்கூடாது. சீன ரோஜாவும் தேயிலை ரோஜாவும் தம் பலத்தைப் பழைய கிளைகளில்தான் சேர்த்து வைத்திருக்கின்றன. காய்ந்த குச்சியையும் வாடிய பூவையும் எடுங்கள். மற்றபடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தி வைக்க வேண்டாம்.

இப்பொழுது இந்தப் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

கடையில் வாங்கும் ரோஜாக்களில் பல ஒட்டுச் செடிகள். ரப்பர் நாற்றுமேடையில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேர் ஒரு செடி, பூ இன்னொரு செடி. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரைக் கிள்ளாமல் விட்டால் காட்டுச் செடியே மேலோங்கிவிடும். குச்சி நட்டு வளர்த்த பழைய ரோஜாவுக்கு இந்தக் கவலை இல்லை. அது தன் வேரிலேயே நிற்கிறது. அதிலிருந்து ஒரு குச்சி எடுத்து நட்டால் வருவது அதன் பிள்ளை அல்ல, அதே செடிதான்.

குச்சி நடும் முறை எளிது. பூ உதிர்ந்த கிளையில் பென்சில் பருமனுள்ள பகுதியை ஆறு முதல் எட்டு அங்குல நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கத்தி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். பட்டை நசுங்கக் கூடாது என்பதைப் பால்மரம் சீவுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலே இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். பாதி மணலும் பாதி சுட்ட மண்ணும் கலந்த பையில், இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு ஊன்றுங்கள். மேலே நிறமில்லாத பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். பத்துக் குச்சி நட்டு நான்கு பிழைத்தாலும் லாபம்தான். இரண்டு மூன்று மாதம் கழித்து வெயிலுக்குக் கொண்டுவரலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எத்தனையோ தோட்டங்கள் விற்கப்பட்டுவிட்டன. எத்தனையோ லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. கட்டிலையும் பீரோவையும் சாமிப் படங்களையும் லாரியில் ஏற்றிய குடும்பங்கள், வாசலில் நின்ற ரோஜாவை விட்டுவிட்டு வந்தன. பெயர் தெரியாத அந்தச் செடியைப் பிறகு எந்தக் கடையில் போய்க் கேட்பது? வேரோடு பெயர்த்தால் பிழைக்காமலும் போகலாம். மூன்று மாதம் முன்பே நான்கு குச்சி ஊன்றியிருந்தால், பாட்டியின் ரோஜா புது வீட்டுக்கும் வந்திருக்கும்.

தாமானில் இருப்பவர்கள் வாசலோரத்தில் நடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஓர் அடிக்குக் குறையாத அகலமுள்ள தொட்டியில், காலை வெயில் விழும் பக்கத்தில் சீன ரோஜாவை வளர்க்கலாம். தொட்டியின் அடித் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

நேயர்களே, உங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு பழைய ரோஜா நின்றால், இந்த வாரமே வீட்டுக்காரரைக் கேட்டு ஒரு குச்சி வாங்குங்கள். உங்களிடம் இருந்தால், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று கொடுங்கள். நாளை உங்கள் செடி பட்டுப்போனாலும் அவரிடமிருந்து திரும்பப் பெறலாம். பழைய ரோஜா இத்தனை காலம் பிழைத்திருப்பது இப்படிக் கை மாறிக் கை மாறித்தான்.