கெராங்கும் சாக்கடைத் தண்ணீரும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை மெர்கோங் பசாரில் ஒரு தாயார் கெராங்கைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். "நாத்தம் இல்ல வாத்தியாரே, நல்ல சரக்கு" என்று இரண்டு கிலோ வாங்கினார். அவரை அங்கேயே நிறுத்திப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வானொலியில் சொல்கிறேன்.

கெராங் சேற்றில் கிடந்தபடியே தண்ணீரை உள்ளிழுத்து, செவுளால் வடிகட்டி, நுண்ணிய தீனியைத் தின்னும் பிராணி. நம் கெடா ஆறு அலோர் ஸ்டாரைக் கடந்து கோலக்கெடாவில் கடலில் விழுகிறது. இப்படி ஊர்களைக் கடந்து வரும் எந்த ஆற்றிலும் மலக்கழிவு கலந்துவிட்டால், அதிலுள்ள கிருமிகள் சிப்பியின் உடலில் தங்கும். சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடப் பல மடங்காகச் சேரும். மழைக்குப் பின் இது இன்னும் அதிகம். கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்றும் தெரியாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் தேடுவது பெரும்பாடு. எனவே மனிதர், மாடு போன்றவற்றின் குடலில் வாழும் 'இ. கோலி' என்ற பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். அது இருந்தால் மலம் கலந்ததற்கு அடையாளம். சதையை அரைத்து, நீர்த்து, சத்துநீர் உள்ள பல குழாய்களில் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். மஞ்சளாக மாறிய குழாய்களிலிருந்து எடுத்து, தட்டில் இட்டு, 44 டிகிரியில் வளர்ப்பார்கள். நீலப்பச்சைப் புள்ளிகள் தோன்றினால் இ. கோலி உண்டு. ஐரோப்பாவில் 100 கிராம் சதையில் 230-க்கு மேற்படாத கடற்பகுதியே பெரும்பாலும் முதல்தரம் எனப்படும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நல்ல நீரில் விட்டால் இ. கோலி விரைவில் வெளியேறிவிடும். மஞ்சள் காமாலை வைரஸோ உள்ளேயே தங்கிவிடும். சீனாவின் ஷங்காய் நகரில் 1988-இல் ஏறக்குறைய 300,000 பேருக்குக் காமாலை கண்டது. காரணம், நம் கெராங் குடும்பத்தைச் சேர்ந்த சிப்பிதான். சாக்கடை கலந்த கடற்கரையில் எடுத்ததை, வெந்நீரில் இலேசாக முக்கித் தின்றிருந்தார்கள்.

நாமும் அப்படித்தானே செய்கிறோம்? ஓடு திறந்ததும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறோம். திறப்பது வெந்ததற்கு அடையாளமல்ல. திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். சதையின் உட்புறம் 90 டிகிரியில் ஒன்றரை நிமிடம் இருந்தால்தான் அந்த வைரஸ் சாகும். திறவாததை எறிந்துவிடுங்கள்.

"சதை ரப்பராகிவிடுமே" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கொஞ்சம் ஆகத்தான் செய்யும். சம்பலில் கிளறினால் பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை.