0.506127 எங்கே, 0.506 எங்கே? பைனரி ஃபைலை டெக்ஸ்ட்டாக மாற்றும்போது தொலைந்துபோகும் இலக்கங்கள்!

1961-ம் ஆண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ், தன் கம்ப்யூட்டர் வானிலை மாதிரியின் ஒரு பகுதியை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்தார். முதலிலிருந்து தொடங்காமல், ஏற்கெனவே அச்சிட்ட தாளில் இருந்த எண்களை டைப் செய்துவிட்டு காபி குடிக்கப் போனார். சுமார் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், ஆரம்பத்தில் ஒத்துப்போன வானிலை போகப்போக முற்றிலும் வேறாகிவிட்டிருந்தது.

மெஷினில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார். ஆனால், நினைவகத்தில் இருந்த எண் 0.506127. இடத்தை மிச்சப்படுத்த தாளில் அச்சானதோ 0.506. அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் பின்னாளில் 'பட்டாம்பூச்சி விளைவு' என்று பிரபலமான கருத்து பிறந்தது.

இன்று தாள் இல்லை. ஆனால் அதே சிக்கல், ஃபைல் மாற்றும் ஒவ்வொரு முறையும் வரலாம்.

ஏன் இரண்டு வடிவம்?

பைனரி ஃபைலில் ஒரு எண் அப்படியே பைட்டுகளாக இருக்கும். 10 லட்சம் 'ஃப்ளோட்' எண்களுக்கு 40 லட்சம் பைட் போதும். அதையே முழுத் துல்லியத்துடன் டெக்ஸ்ட்டாக எழுதினால் ஒரு கோடி பைட்டைத் தாண்டும். ஆனால் டெக்ஸ்ட்டை யாரும் திறந்து படிக்கலாம். அதனால்தான் இரண்டுமே தேவைப்படுகின்றன.

எத்தனை இலக்கம் வேண்டும்?

4 பைட் ஃப்ளோட் எண்ணுக்கு 9 இலக்கம், 8 பைட் 'டபுள்' எண்ணுக்கு 17 இலக்கம். இவ்வளவு எழுதினால்தான் எந்த எண்ணாக இருந்தாலும் திரும்பப் பைனரிக்கு மாற்றும்போது அதே எண் கிடைக்கும்.

குறைத்தால் என்ன ஆகும்? 16777216, 16777218 இரண்டும் ஃப்ளோட்டில் தனித்தனி எண்கள். 7 இலக்கமாகச் சுருக்கினால் இரண்டுமே 16777220 ஆகிவிடும். எது எது என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.

வானிலைத் தரவுகளில் அதிகம் புழங்கும் 'நெட்சிடிஎஃப்' ஃபைல்களை டெக்ஸ்ட்டாக்கும் 'என்சிடம்ப்' கருவி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 7, 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும். படித்துப் பார்க்க அது போதும். 'என்சிஜென்' மூலம் மறுபடி பைனரியாக்கப் போகிறீர்கள் என்றால், இலக்க எண்ணிக்கையை 9, 17 என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* அளவீடு இல்லாத இடத்தில் -9999 போன்ற எண் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் கணக்கே கெட்டுவிடும்.
* சிஎஸ்வி-க்கு மாற்றினால் எண்கள் மட்டும்தான் போகும். வெப்பநிலை கெல்வினா, செல்சியஸா என்ற விவரத்தைத் தனியாக எழுதி வையுங்கள்.
* மாற்றிய டெக்ஸ்ட்டைத் திரும்பப் பைனரியாக்கி, மூல ஃபைலின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் இலக்க அமைப்பைச் சரிபாருங்கள்.
* இடம் அடைக்கிறதே என்று மூல பைனரி ஃபைலை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க. விட்டுப்போன இலக்கங்கள் வேறெங்கும் இருக்காது.